பேராயருக்கு வந்த பங்காளிக் காய்ச்சல்

ஐரோப்பாவில் சில ஊர்களுக்கு ஆயரே அரசராக இருந்த காலம் ஒன்று உண்டு. சால்ஸ்பர்க், கொலோன், மைன்ஸ், ட்ரியர் என்று ஜெர்மானியப் பேரரசுக்குள் அப்படிப்பட்ட நாடுகள் பல. காலையில் பூசை வைத்த கைதான் பகலில் வரி ஆணையில் முத்திரை குத்தும், படைக்கு ஆள் எடுக்கும், தூக்குத் தண்டனைக்கு ஒப்பம் இடும். கொலோன், மைன்ஸ், ட்ரியர் பேராயர்கள் மூவருக்கும் பேரரசரையே தேர்ந்தெடுக்கும் வாக்கு இருந்தது. 1517-இல் மார்ட்டின் லூத்தர் கிளப்பிய புயலில் பாதி ஜெர்மனி ரோமை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பதிலடியாகக் கத்தோலிக்கத் திருச்சபை தன்னைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டது. 1545-இல் தொடங்கி 1563 வரை விட்டுவிட்டு நடந்த திரெந்து சங்கம் அந்தக் கட்டுமானத்தின் பட்டறை. ஆயர் தன் மறைமாவட்டத்திலேயே தங்க வேண்டும், ஊர் ஊராகப் போய்ப் பார்வையிட வேண்டும், சங்கம் கூட்ட வேண்டும், குருக்களுக்குப் பள்ளி வைக்க வேண்டும் என்று அது விதித்தது. இந்த விதிகளோடு அரசாட்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை.

இதைச் சால்ஸ்பர்க்கில் மட்டும் தேட வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையில் நின்றுகொண்டே விசாரிக்கலாம். அங்கிருந்து பார்த்தால் வேறெங்கும் தெரியாத ஒன்று தெரியும் என்பது என் துணிபு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும் என்பதால் முதலில் சால்ஸ்பர்க்கை முடித்துவிடுகிறேன். வோல்ஃப் டீட்ரிஷ் என்பவர் 1559-இல் பிறந்து, 1587-இல் அந்த நகருக்குப் பேராயரும் அரசரும் ஆனார். மறு ஆண்டே நகரத்துப் புராட்டஸ்டன்டுகளுக்கு ஆணை போனது: தாய்ச்சபைக்குத் திரும்பு, அல்லது ஊரைவிட்டுப் போ. பலர் போனார்கள். 1598 டிசம்பரில் பழைய பேராலயம் தீப்பிடித்தது. அதை முழுதாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முனைந்தார். சலோமே ஆல்ட் என்ற பெண்மணியோடு வாழ்ந்து 15 பிள்ளைகள் பெற்றார். அவருக்காக ஒரு மாளிகை எழுப்பினார். அதுதான் இன்றைய மிராபெல். உப்பு வியாபாரத்தில் பவேரியாவோடு மோதி, 1611-இல் பெர்ஷ்டஸ்காடனைப் பிடித்து, பதிலுக்குத் தானே பிடிபட்டார். 1612-இல் பதவி போனது. அடுத்துப் பேராயரானவர் அவருடைய தாய்மாமன் மகன் மார்குஸ் சிட்டிகுஸ். அவர் தன் அத்தை மகனை நகருக்கு மேலே குன்றில் இருந்த ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையில் அடைத்துவைத்தார். 1617 ஜனவரியில் கைதியாகவே டீட்ரிஷ் இறந்தார்.

அதே 1559-இல் லிஸ்பனில் இன்னொரு பிரபு வீட்டுப் பிள்ளை பிறந்தார். பெயர் அலெய்சோ த மெனேசிஸ். போர்த்துக்கல் அரசர் செபஸ்தியான் சிறுவனாக இருந்தபோது அவருக்கு ஆசானாக இருந்தவர் இவருடைய தந்தை. பிள்ளை அகுஸ்தீன் சபையில் துறவியானார். 36 வயதில் கோவாவின் பேராயராக நியமிக்கப்பட்டு 1595-இல் வந்து இறங்கினார். கோவாப் பேராயர் என்றால் அன்றைக்கு ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து மலாக்கா, மக்காவ், ஜப்பான் வரை பரந்த ஞான ஆட்சி. நம் சோழமண்டலக் கரை கொச்சி மறைமாவட்டத்துக்குள் இருந்தது; கொச்சி கோவாவுக்குக் கட்டுப்பட்டது. ஆயர்களைப் பெயர் சொல்லும் உரிமை போர்த்துக்கல் அரசருக்கு. அந்த முடியோ 1580 முதல் ஸ்பெயின் அரசர் தலையில் இருந்தது. ஆகவே கோவாவின் பேராயர், உலகின் மிகப் பெரிய கத்தோலிக்க அரசின் கீழைக் கரம். சால்ஸ்பர்க்காரரின் நாட்டைச் சில நாட்களில் குதிரையில் கடந்துவிடலாம். இவருடையதைக் கடக்கக் கப்பலில் மாதக் கணக்காகும்.

இனிச் செஞ்சி. இன்று கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் அவற்றை முக்கோணமாக இணைக்கும் மதிலையும் பார்க்கிறார்கள். கல்யாண மகாலின் அடுக்கு மாடங்களை, கூரை வளைந்த களஞ்சியங்களை, யானைக் குளத்தைப் பார்த்துவிட்டு, தெம்பிருந்தால் ராஜகிரி உச்சிக்கு ஏறுகிறார்கள். 2025-இல் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தபோது, மராட்டியத்துக்கு வெளியே இருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். ஊரில் யாரைக் கேட்டாலும் தேசிங்கு ராஜன் கதையைச் சொல்வார்கள். 1714-இல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது இளம் வயதில் மாண்டவன் அவன். ஆண்டது ஓர் ஆண்டுகூட முழுதாக இல்லை. நாட்டுப் பாட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. ஆனால் செஞ்சி உச்சத்தில் இருந்தது அவனுக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சியில். அவருக்குப் பாட்டு வாய்க்கவில்லை. ஒரு பாதிரியாரின் கடிதம் வாய்த்தது.

நிக்கோலாவ் பிமென்டா சேசு சபையின் பார்வையாளர். தன் சபையின் இந்திய மடங்களை எல்லாம் நேரில் கண்டு ரோமில் இருந்த சபைத் தலைவருக்கு அறிக்கை அனுப்புவது அவர் வேலை. பேராயரின் ஆள் அல்லர். ஆனால் அதே கப்பலில் வந்த, அதே திருச்சபையின் மனிதர். 1597 வாக்கில் இவர் சிதம்பரத்தையும் செஞ்சியையும் பார்த்து எழுதிய கடிதங்கள் சில ஆண்டுகளில் ரோமில் அச்சேறின. 1625-இல் பர்சஸ் என்பவர் லண்டனில் தொகுத்த பயண நூலிலும் இடம்பிடித்தன. இந்தியாவில் தான் கண்ட நகரங்களிலேயே செஞ்சிதான் பெரியது, லிஸ்பனைத் தவிர்த்தால் போர்த்துக்கல்லில்கூட இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்பது பிமென்டாவின் தீர்ப்பு. மதிலும் அகழியும் நடுவே அரணாகச் செதுக்கிய பாறையும் அவர் எழுத்தில் அப்படியே நிற்கின்றன.

நாயக்கரைக் கண்ட காட்சியை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பட்டுக் கம்பளத்தின் மேல் இரண்டு திண்டுகளில் சாய்ந்திருக்கிறார் கிருஷ்ணப்பர். நீண்ட பட்டு அங்கி. மார்பில் முத்தும் மணியும் கோத்த பெரிய சங்கிலி. நீளமான கூந்தலை உச்சியில் முடிந்து, அந்த முடிச்சிலும் முத்துச் சரம். சுற்றிலும் சிற்றரசர்கள், பிராமணர்கள். வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுக்கிறார்கள். பாதிரிமார் வாங்கிக்கொண்டார்களே தவிர மெல்லவில்லை. நாயக்கருக்கு அது வியப்பாக இருக்கிறது. நம் பக்கத்தில் கொடுத்த வெற்றிலையைப் போடாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. உறவையே மறுப்பதற்குச் சமம். கிருஷ்ணப்பர் வியந்ததோடு விட்டுவிட்டார். போகும்போது சரிகை வேலை செய்த விலையுயர்ந்த துணிகளைப் பரிசாகத் தந்தார். வெள்ளாற்று முகத்தில் தன் பெயரில் கட்டிக்கொண்டிருந்த புது நகரத்துக்கு ஒரு பாதிரியாரைக் கேட்டார். அங்கே கோயில் எழுப்ப அலெக்சாண்டர் லெவி என்ற சேசு சபைக் குருவுக்கு இடமும் பொன்னும் கொடுத்தார். அந்த நகரத்தை இன்றைய பரங்கிப்பேட்டை வட்டாரத்தோடு ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள்.

இவ்வளவு பெருந்தன்மையான மனிதர் அதே நாட்களில் சிதம்பரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் பிமென்டாதான் எழுதிவைத்தார்.

நடராசர் கோயில் மதிலுக்குள்ளேயே கோவிந்தராசப் பெருமாள் சந்நிதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் பெருமாள் திருமேனி அகற்றப்பட்டது, 1539-இல் விஜயநகரத்து அச்சுதராயர் மீண்டும் நிறுவினார் என்பது வைணவ மரபும் கல்வெட்டும் சேர்ந்து சொல்லும் கதை. கிருஷ்ணப்பர் வைணவர். அந்தச் சந்நிதியைப் பெரிதாகத் திருப்பணி செய்ய முனைந்தார். தில்லைக் கோயிலின் பூசகர்கள் எதிர்த்தார்கள். தடுக்க வேறு வழி இல்லாதபோது, கட்டட வேலையைப் பார்க்க நாயக்கர் வந்திருந்த நேரத்திலேயே, கோபுரத்தின் மேல் ஏறிக் குதித்தார்கள். பிமென்டா அங்கிருந்து கிளம்பிய நாள் வரைக்கும் குதித்து மாண்டவர்கள் இருபது பேர். நாயக்கருக்குக் கோபம் வந்தது. மேலே நின்ற மற்றவர்களைச் சுடச் சொன்னார். இருவர் குண்டடிபட்டு விழுந்தார்கள். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். சந்நிதி எழும்பியது.

இந்த இரண்டு செய்திகளையும் படித்தவர்கள் பெரும்பாலும் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். சமரச மன்னர் என்று ஒரு தரப்பு. கொடுங்கோலர் என்று மறு தரப்பு. எனக்கு இரண்டும் ஒரே மனிதரின் ஒரே குணமாகத்தான் படுகின்றன. வெள்ளாற்று முகத்தில் எழும் கிறிஸ்தவக் கோயில் நாயக்கரிடம் எதையும் பங்கு கேட்கவில்லை. அதன் பிராகாரம் வேறு, தேர் வேறு, திருவிழா வேறு. போர்த்துக்கீசியக் கப்பல் வந்தால் சுங்கமும் வரும். சிதம்பரத்திலோ ஒரே மதில், ஒரே குளம், ஒரே வீதி, யாருக்கு எந்த வாசல் என்ற வழக்கு. கிராமத்தில் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். நாலு ஊர் தள்ளி இருக்கிறவன் மாடி வீடு கட்டினால் போய் மொய் எழுதிவிட்டு வருவோம். பெரியப்பா மகன் பொதுச் சுவரில் ஓர் ஆணி அடித்தால் அரிவாளைத் தேடுவோம். மதம் கையில் கிடைத்த அரசர்களுக்கும் அரசு கையில் கிடைத்த பேராயர்களுக்கும் இந்தக் காய்ச்சல்தான் வருகிறது. தூரத்தில் இருக்கும் மதம் அவர்களைச் சுடுவதில்லை, பக்கத்தில் இருக்கும் பிரிவுதான் சுடுகிறது. டீட்ரிஷ் துரத்தியது துருக்கரை அல்ல. அதே பைபிளைப் படித்த தன் ஊர்க்காரர்களை.

மெனேசிஸுக்கு வந்த காய்ச்சல் மலையாளக் கரையில். அப்போஸ்தலர் தோமையாரிடமிருந்து விசுவாசம் பெற்றவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மார்த்தோமா கிறிஸ்தவர்கள், போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்தவர்கள். அவர்கள் போற்றும் கல்லறை நம் மயிலாப்பூரில்தான். வழிபாட்டு மொழி சுரியானி. ஆயர் மெசப்பொத்தேமியாவிலிருந்து வருவார். நடைமுறைத் தலைமை உள்ளூர்க் குடும்பத்தில் வழிவழியாக வரும் அர்ச்சதியாக்கோனிடம். குருக்கள் மணம் செய்துகொள்வார்கள். நாயர்களைப் போலவே உடுத்தி, வாள் பிடித்து, உள்ளூர் அரசர்களுக்குப் படை கொடுத்தார்கள். ரோமுக்கு இவர்கள் புறசமயத்தார் அல்லர். அதே கிறிஸ்து, அதே சிலுவை, அதே நற்கருணை. அதனால்தான் ரோமால் சும்மா இருக்க முடியவில்லை.

1597 தொடக்கத்தில் அவர்களுடைய ஆயர் மார் ஆபிரகாம் இறந்தார். 1599 பிப்ரவரியில் மெனேசிஸ் கொச்சியில் இறங்கினார். வரும் வழியில் கோட்டக்கல் குஞ்ஞாலி மரக்காயரின் கோட்டைக்கு எதிரான முற்றுகையையும் கவனித்துக்கொண்டார். போர் ஆலோசனையில் பேராயருக்கும் இடம் இருந்தது. (அந்தக் கோட்டை 1600-இல்தான் விழுந்தது. அதற்குக் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி தன் சொந்தக் கடற்படைத் தலைவரையே பகைவரோடு சேர்ந்து முற்றுகை இட்டார். காய்ச்சல் எல்லாத் தரப்பிலும் இருந்தது.) பிறகு மெனேசிஸ் ஊர் ஊராகப் போனார். இது திரெந்து சொன்ன பார்வையிடல்தான். ஆனால் துணைக்குப் படகும் படையும் வந்தன. வைப்பிக்கோட்டை குருமடத்தில், அவர்களுக்கு ஆயர்களை அனுப்பிவந்த பாபிலோன் முதுபெரும் தந்தையின் பெயரை உலகத் திருச்சபையின் மேய்ப்பர் என்று ஜெபத்தில் சொல்கிறார்கள் எனத் தெரிந்ததும், இனி அப்படிச் சொல்கிறவர் எவரும் சபைக்குப் புறம்பு என்று ஓர் ஆணையை அங்கேயே வாசிக்க வைத்தார். பழகிய ஜெபத்தில் ஒரு பெயரைச் சொன்னதற்கு இந்தத் தண்டனை.

அர்ச்சதியாக்கோன் ஜார்ஜ் பல வாரம் இழுத்தார். பேராயர் அவரைச் சுற்றிவளைத்த விதம் தேர்ந்த அரசியல். ஊர் ஊராகப் புதுக் குருக்களுக்குப் பட்டம் கொடுத்துத் தனக்கு ஆள் சேர்த்தார். கொச்சி மகாராசாவைப் பார்த்து, அவர் வழியாக நெருக்கினார். இந்து அரசரின் கையைக் கொண்டு கிறிஸ்தவத் தலைவரை வளைத்தார் என்பதை ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். அரசர் அந்நியர், அவரோடு பேசலாம், பரிசு கொடுக்கலாம், மதிக்கலாம். அர்ச்சதியாக்கோன் பங்காளி, அவர் பணிந்தாக வேண்டும். கடைசியில் பணிந்தார்.

1599 ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் சங்கம் கூடியது. 153 குருக்கள், அறுநூற்றுக்கும் மேற்பட்ட பொதுநிலைப் பிரதிநிதிகள். தீர்மானங்கள் முன்பே போர்த்துக்கீசியத்தில் தயாராக இருந்தன. அவை மலையாளத்திலும் ஆக்கப்பட்டிருந்தன. ஏழு நாட்களில் இருநூறு தீர்மானங்கள் நிறைவேறின. குருக்கள் இனி மணம் முடிக்கக் கூடாது, மணமானவர்கள் மனைவியைப் பிரிய வேண்டும். பாபிலோனோடு தொடர்பு அறுந்தது. ஓணத்தில் கலந்துகொள்ளக் கூடாது. நாயரிடமிருந்து வேறுபட்டுத் தெரிய ஆண்கள் காது குத்திக்கொள்ளக் கூடாது. காது ஓட்டை வரைக்கும் ஒரு சங்கம் இறங்கி வந்தது என்பதே, அவர்கள் எவ்வளவு கலந்து வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

இந்தத் தீர்மானங்களில் நல்லவையும் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. குற்றவாளியா என்று பார்க்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் சொல்வது, முதலை இருக்கும் ஆற்றை நீந்திக் கடக்கச் சொல்வது முதலிய சோதனைகளுக்குக் கிறிஸ்தவர்கள் போகக் கூடாது என்று சங்கம் தடுத்தது. ஆண் பிள்ளைக்கு மட்டுமே சொத்து என்ற வழக்கம் அநீதி, பெண்ணுக்கும் பங்கு வேண்டும் என்று எழுதிவைத்தது. இதே பேராயர் 1606-இல் கோவாவில் சாந்தா மோனிக்கா கன்னியர் மடத்துக்கு அடித்தளம் இட்டார்; ஆதரவற்ற பெண்களுக்கு இல்லங்கள் தொடங்கினார். மனிதர் சோம்பேறி அல்லர், பேராசைக்காரரும் அல்லர். டீட்ரிஷைப் போல மாளிகையும் குடும்பமும் அவருக்குக் கிடையாது. திரெந்து கேட்ட அத்தனையும் செய்த உத்தம ஆயர். அவரால் நேர்ந்த இழப்பின் கனம் எனக்கு அதனால்தான் கூடுகிறது. ஊழல்காரர் ஒருவர் அழித்திருந்தால், அவர் இடத்தில் நல்லவர் வந்திருந்தால் நடந்திருக்காது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இங்கே வந்ததே நல்லவர்தான்.

அந்த இழப்பு, புத்தகங்கள். மூன்றாம் அமர்வின் தீர்மானம் ஒன்று, தவறான கொள்கை உள்ள சுரியானி நூல்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. வேறொன்று, எல்லாச் சுரியானி ஏடுகளையும் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னது. திருத்த முடிந்ததைத் திருத்துவது, முடியாததை எரிப்பது. சங்கம் முடிந்து பேராயர் கோயில் கோயிலாகப் போனபோது ஏடுகள் வந்து குவிந்தன. பெயர்கள் அடிக்கப்பட்டன, பத்திகள் சுரண்டப்பட்டன, கட்டுக் கட்டாகத் தீயில் போயின. மலையாளக் கரைக் கிறிஸ்தவர்களின் பதினாறாம் நூற்றாண்டுக்கு முந்தைய வரலாற்றை எழுத உட்காரும் எவரும் இந்தச் சாம்பலில்தான் முட்டிக்கொள்கிறார்கள். 1301-இல் கொடுங்கல்லூரில் பதினான்கு வயது மாணவன் ஒருவன் படியெடுத்த சுரியானி வாசகநூல் தப்பி இருக்கிறது. இந்தியாவில் எழுதி இன்று எஞ்சும் மிகப் பழைய சுரியானி ஏடு அது. இருப்பது கேரளத்தில் அல்ல, வத்திக்கான் நூலகத்தில்.

இப்போது பிமென்டாவை மறுபடியும் நினைத்துப் பார்க்கலாம். அதே இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், அதே திருச்சபையின் ஒரு கை செஞ்சியின் மதிலையும் நாயக்கர் கூந்தலில் இருந்த முத்தையும் பிசகாமல் எழுதி அச்சில் ஏற்றியது. மறு கை மார்த்தோமா கிறிஸ்தவரின் ஏடுகளை எரித்தது. வைணவ மன்னரின் செஞ்சி தூரத்தில் இருந்ததால் வருணிக்கத் தக்கதாயிற்று. மார்த்தோமா ஆயரின் இருக்கையான அங்கமாலியின் நூலகம் பக்கத்தில் இருந்ததால் எரிக்கத் தக்கதாயிற்று. செஞ்சியைப் பற்றி நமக்குக் கிடைத்த அந்த நேர்த்தியான சாட்சியத்துக்கு நான் நன்றி உடையவன். அந்த நன்றியை உதயம்பேரூர்ச் சாம்பலோடு சேர்த்தே கணக்கு வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தூரத்து மதத்துக்குத் தீங்கே நேரவில்லை என்று சொல்ல வரவில்லை. கோவாவின் எல்லைக்குள் இந்துக் கோயில்கள் மெனேசிஸ் வருவதற்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டன. 1560 முதல் அங்கே மறை விசாரணை மன்றம் இருந்தது. அந்த மன்றத்தின் பிடி முதலில் விழுந்ததும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்மேல்தான்: யூத வேர் கொண்ட புதுக் கிறிஸ்தவர்கள், பழைய வழக்கத்தை விடாத கொங்கணிக் கிறிஸ்தவர்கள். கைக்கு எட்டுகிறவனே பங்காளி.

மெனேசிஸ் முழு அர்த்தத்தில் அரசப் பேராயர் ஆனது 1607-இல். அரசப் பிரதிநிதி மார்த்திம் அபோன்சோ த காஸ்த்ரோ மலாக்காவில் இறந்தார். வாரிசு ஓலைகளைப் பிரித்தபோது பேராயர் பெயர் இருந்தது. 1609 வரை கோவாவின் ஆளுநர் அவரே. கப்பற்படைக்கும் கருவூலத்துக்கும் பொறுப்பு. அதே சமயம் டச்சுக்காரர் கிழக்குக் கடலெங்கும் நுழைந்துகொண்டிருந்தார்கள். 1607-லும் 1608-லும் மொசாம்பிக் கோட்டையை முற்றுகை இட்டார்கள்.

செஞ்சி இந்தக் கதைக்குள் மறுபடி வருவது இங்கேதான். 1608-இல் கிருஷ்ணப்ப நாயக்கர், கடலூருக்குப் பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள டச்சுக்காரருக்கு அனுமதி தந்தார். கோவாவில் அன்று நாற்காலியில் இருந்தவர் பேராயர் மெனேசிஸ். டச்சுக்காரர் யார்? கிறிஸ்தவர்கள், கால்வின் வழிப் புராட்டஸ்டன்டுகள், ஸ்பெயின் முடிக்கு எதிராகக் கிளம்பிய குடிகள். ஐரோப்பாவின் பங்காளிச் சண்டை அப்படியே பெண்ணையாற்று முகத்துக்கு வந்து நின்றது. நாயக்கருக்கு இவர்களுடைய பைபிளில் என்ன வித்தியாசம் என்று கவலை இல்லை. யார் வந்தாலும் வியாபாரம் வரும். அவருக்கு இவர்கள் எல்லாரும் தூரத்து மதம்.

போர்த்துக்கீசியர் நேராகச் செஞ்சியோடு மோதவில்லை. நாயக்கருக்கு மேலே, வேலூரில், விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் இருந்தார். அவர் அவையில் சேசு சபைக் குருக்களுக்கு முன்பே செல்வாக்கு. அந்த வழியாக நெருக்கினார்கள். கிருஷ்ணப்பருக்கு ராயரின் கோபம் எப்படி இருக்கும் என்று தெரியும். முன்பு ஒருமுறை மீறியதில் சிறைப்பட்டு, தஞ்சை ரகுநாத நாயக்கர் தலையிட்டு மீட்டதை அந்த அரசவைப் புலவர்களின் காவியங்களே பாடுகின்றன. டச்சுக்காரரின் தலைமையிடம் பழவேற்காட்டுக்குப் போனது. 1610-இல் அங்கே அவர்களுக்கு இடம் கொடுத்தவர் அதே வேங்கடபதி ராயர்தான். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழும்பியது. பக்கத்துச் சாந்தோமில், 1606-இல் புதிதாக உண்டான மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் முதல் ஆயராக இருந்தவர், மெனேசிஸின் அகுஸ்தீன் சபைத் தோழர் செபஸ்தியான் த சான் பெத்ரு. தன் கரையில் புராட்டஸ்டன்டுக் கொடி பறப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

மெனேசிஸின் மீதி வாழ்க்கை ஏணிப்படி. ஐரோப்பா திரும்பினார். 1612-இல் பிராகாவின் பேராயர். பிராகாப் பேராயருக்கு அந்த நகரத்தின் மேல் ஆண்டை உரிமையே உண்டு என்பதால், சால்ஸ்பர்க்கில் டீட்ரிஷ் அரசப் பேராயர் பதவியை இழந்த அதே ஆண்டில் இவர் அதைப் போர்த்துக்கல்லில் பெற்றார். 1614-இல் போர்த்துக்கல்லுக்கே அரசப் பிரதிநிதி. பிறகு மாட்ரிட்டில் போர்த்துக்கல் ஆலோசனைக் குழுவின் தலைவர். 1617 மே 3 அன்று மாட்ரிட்டில் இறந்தார். 1559-இல் பிறந்த இரண்டு பேராயர்களும் ஒரே ஆண்டில் போனார்கள். ஒருவர் பதவியில், ஒருவர் மலைக்கோட்டைச் சிறையில். அந்தச் சிறைக்குச் செஞ்சியில் ஓர் இணை உண்டு. கிருஷ்ணப்பரை இளமையில் அவர் சிற்றப்பன் சிறை வைத்தார். தப்பி வந்த கிருஷ்ணப்பர் சிற்றப்பனின் கண்களைப் பறித்து அவரைச் சிறையில் தள்ளினார். இதையும் பிமென்டா எழுதியிருக்கிறார்.

1649-இல் செஞ்சி பீஜப்பூர் படையிடம் விழுந்தது. பின்னால் பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து எடுத்துப்போன கருங்கல் தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. உதயம்பேரூருக்கு ஐம்பத்து மூன்றரை ஆண்டு கழித்து, 1653 ஜனவரி 3 அன்று, மட்டாஞ்சேரியில் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்து, இனிச் சேசு சபையாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். கயிற்றின் இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்பது கர்ண பரம்பரை. கூனன் குரிசு என்று அதற்குப் பெயர். அதன்பின் ரோமோடு நின்ற பழைய கூற்றார், விலகிய புத்தன் கூற்றார் என்று பிரிந்தார்கள். புத்தன் கூற்றார் மேலும் பிரிந்தார்கள். அவர்களில் யாக்கோபாயருக்கும் ஆர்த்தடாக்ஸாருக்கும் இடையே கோயில்கள் யாருக்கு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பு சொல்லியும், பல ஊர்களில் சாவியை மாற்றிக்கொடுக்கக் காவல் துறை போக வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் கோவிந்தராசப் பெருமாளுக்குப் பிரம்மோற்சவம் நடத்துவது பற்றிய தகராறும் நம் காலத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்திருக்கிறது.